மூன்றாம் பிறையை அண்ணனோடு பார்ப்பது

ஊட்டி ரயிலில் அருவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவில் கேத்தி வரும். சின்ன ஸ்டேஷன். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி இங்கேதான். பெட்டிக்குள் ஸ்ரீதேவி, மழையில் ரயிலோடு ஓடி ஓடிக் குரங்காட்டம் ஆடும் கமல். நான் குன்னூர்க்காரன். எங்கள் வீட்டில் இந்தப் படத்தைக் குறை சொன்னால் டீ கிடைக்காது. இருந்தாலும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

படத்தில் விஜி விபத்தில் அடிபட்டுக் குழந்தையாகிவிடுகிறாள். வைத்தியத்தில் பழைய ஞாபகம் திரும்புகிறது, சீனுவோடு இருந்த நாட்கள் மொத்தமாக அழிந்துபோகின்றன. ஆபீஸில் நாங்கள் பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்வது மாதிரியே. நடுவில் எழுதியதெல்லாம் போச்சு. மருத்துவப்படி இது நடக்குமா என்பது என் பிரச்சினை இல்லை, சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் 'நான்' என்றால் ஞாபகம், அது போனால் ஆள் போச்சு, வந்தால் ஆள் வந்தாச்சு என்ற கணக்கை இந்தப் படம் நமக்குள் ஆழமாகப் பதித்துவிட்டது. அதே கணக்கோடுதான் வேறு நோய்களையும் பார்க்கிறோம்.

என் பெரியம்மா பையனுக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு என்றார்கள். ஸ்கிசோஃப்ரினியா. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "நான் யாருன்னு தெரியுதாப்பா?" அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவருக்கு எதுவுமே மறக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன் யார் கல்யாணத்தில் யார் சண்டை போட்டார்கள் என்பதுவரை சொல்வார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "யோசனை வருதுடா. என் குரல்லதான் வருது. ஆனா நான் யோசிக்கல."

டேட்டாபேஸில் எல்லா வரிசையும் பத்திரமாக இருக்கிறது, 'எழுதியவர்' என்ற கட்டம் மட்டும் காலி. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

லூயி சாஸ், யோசெஃப் பார்னாஸ் இருவரும் 2003இல் எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட இந்த இடத்தைத்தான் தொடுகிறது. நம் வாழ்க்கைக் கதைக்கும் பெயருக்கும் முன்னால், ஒவ்வொரு அனுபவத்திலும் 'இது எனக்கு நடக்கிறது' என்று சொல்லாமலே ஓடும் ஓர் உணர்வு இருக்கிறது. மனச்சிதைவில் மெலிவது அது என்கிறார்கள். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. மெல்லுவது, நடப்பது, கண் சிமிட்டுவது என்று கவனிக்காமல் செய்கிற காரியமெல்லாம் கவனத்தின் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு முன்பே கிறிஸ் ஃப்ரித் வேறு பாதையில் வந்திருந்தார். நம் செயலின் விளைவை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது, அதனால்தான் நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடிவதில்லை. குரல் கேட்கிறவர்களுக்கும், தன்னை யாரோ இயக்குவதாக உணர்கிறவர்களுக்கும் தன் கை தொடுவதும் பிறர் தொடுவதும் ஒரே மாதிரி இருந்ததாக 2000இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

வீட்டில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. கணக்கு வரவில்லை, படித்தது நிற்கவில்லை, கடைக்கு அனுப்பினால் பாதி வாங்கி வருகிறான் என்பதுதான் தெரியும். கவனமும் உடனடி ஞாபகமும் தளர்வதும் இந்த நோயில் உள்ளதுதான். மாத்திரை குரல்களை அடக்குகிற அளவுக்கு இதைச் சரிசெய்வதில்லை. இரண்டுக்கும் ஒரே 'பக்' இருக்கும் என்று எஞ்சினியர் புத்தி சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 'நான்' உணர்வின் குலைவைத் தனியாக அளக்க 2005இல் ஒரு நேர்காணல் முறை வந்தது. அதையும் அறிவுத்திறன் சோதனைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவற்றில் வலுவான தொடர்பு கிடைக்கவில்லை. சோதனையில் நல்ல மார்க் வாங்குகிறவரும் தன் யோசனைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கலாம்.

தமிழ் சினிமா இங்கே உதவவில்லை. 'அந்நியன்' காட்டுவது ஓர் ஆளுக்குள் பல ஆட்கள். அதை ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. 1908இல் ப்ளாய்லர் இந்தப் பெயரை வைத்தபோது அவர் சொன்ன பிளவு மனதின் செயல்பாடுகளுக்கு நடுவில். 'ஆளவந்தான்' கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் உடனே கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறது.

கோபிகிருஷ்ணன் உதவுகிறார். உளவியல் படித்து, மனநலத் துறையில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நாவலில் யாரையும் திரும்பக் கூப்பிடுகிற வேலை இல்லை. பேசுகிறவர்களைப் பேசவிடுகிறார். நோயாளி ஃபைல் மாதிரி வறண்ட இடங்கள் உண்டு, நானே இரண்டு தடவை பாதியில் வைத்திருக்கிறேன். ஆனால் "நான் யாருன்னு தெரியுதா" என்று கேட்காத ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

போன பொங்கலுக்கு டிவியில் 'மூன்றாம் பிறை' போட்டார்கள். அண்ணனும் பார்த்தார். கேத்தி காட்சியில்தான் என் வழக்கு ஆட்டம் கண்டது. நான் இத்தனை வருஷமாக விஜியையே நோயாளி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குப் பக்கத்தில் இருப்பது சீனு. அவனுக்கு எல்லா ஞாபகமும் இருக்கிறது. யாரும் நிரூபிக்கத் தேவையில்லாத ஒன்றை, தான் தான்தான் என்பதை, அவன் கைகாலை ஆட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பார்க்கிறவளுக்கு அவன் பைத்தியம். பாலு மகேந்திரா இதை நினைத்து எடுத்திருக்க மாட்டார்.

"இவன் ஏன்டா ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சு ஆடுறான்?" என்றார் அண்ணன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. விளம்பரம் வந்ததும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மாத்திரை வாங்கக் கிளம்பினார். சீட்டை அவரே எடுத்துக்கொண்டார். நான்தான் குடையை மறந்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.