சி. வி. யின் எழுத்தில் நாடும் வீடும்

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளைக்கு, தம்மைத் தெரிந்தெடுத்த மக்களே நாடற்றவராவதைக் காண நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஒருவனது நாட்டை அவன் தந்தைவழியினரின் பிறப்பிடத்திலே தேடியது. பத்திரிகையாளரும் கதைஞருமான சி. வி. யோ அதனை உழைப்பிலே தேடினார்.

1970இல் வெளிவந்த 'போர்ன் டு லேபர்' தோட்டத்து மாந்தரைச் சித்திரங்களாகத் தீட்டுகின்றது. பிறந்ததே உழைப்பதற்கு என்னும் அத்தலைப்பில் துயரம் மட்டுமன்று, ஓர் உரிமைக் கோரிக்கையும் உண்டு: காட்டை அழித்துத் தேயிலையை நட்டவனுக்கு அம்மண்ணில் வேறு சான்று எதற்கு? ஆயின் அக்கோரிக்கை ஆங்கிலத்தில் எழுந்தது. தப்பொலி கேட்டுப் பிரட்டுக்களம் சென்ற இராகலைத் தொழிலாளி அதனை வாசித்திருக்க இயலாது. அவரது தேயிலைத் தோட்ட நெடுங்கவிதையும் சக்தீ பாலையாவின் மொழிபெயர்ப்பு வழியாகவே தமிழுக்கு வந்தது. ஆங்கிலம் கற்றோர் முன் வைத்த மனுவின் சாயல் இவ்வெழுத்துக்களில் ஓரளவு படிந்துள்ளமையை மறுத்தற்கில்லை. மனுவில் மக்கள் பேசப்படுவரேயன்றிப் பேசுவதில்லை.

அக்குறையைத் தீர்த்தது அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனலாம். அங்கே ஆசிரியர் ஒதுங்கி நிற்க, லயத்து மக்கள் தம் வாயாலேயே பாடுகின்றனர். புனைகதைகளினும் இத்தொகுப்பே அவரது பெரும் பணி.

1984இல் மறைந்த சி. வி., எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை அளித்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிலர். நாடு கிடைத்தது. ஆயினும் அவரது நாவலின் தலைப்பான 'வீடற்றவன்' பழமைப்பட்டுவிடவில்லை. தாம் குடியிருக்கும் லயத்து அறை இன்றும் பலருக்கு உரித்தன்று.