டீச்சரம்மா ஊற்றிய சொம்புத் தண்ணீர்

சமீபத்தில் என்ன நாவல் படித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். புதிதாக வந்ததைச் சொல்வேன் என்று காத்திருப்பார்கள். நான் எழுபது, எண்பதுகளில் போய் நிற்பேன். இந்த மழைக்காலத்திலும் அப்படித்தான். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', பூமணியின் 'வெக்கை', அசோகமித்திரனின் 'தண்ணீர்'. மூன்றையும் சேர்த்து பைண்டு பண்ணினாலும் இன்றைய பெரிய நாவல் ஒன்றின் தடிமன் தேறாது. மூன்றுமே எனக்கு மறுவாசிப்பு. 'தண்ணீர்' எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கடல்புரத்தில்' படித்துவிட்டு எல்லோரும் பிலோமியின் காதலுக்கு உருகுவார்கள். உருகட்டும். எனக்கு அதில் அவள் அம்மா மரியம்மைக்கும் வாத்திக்கும் உள்ள சிநேகம்தான் பெரிது. தாயின் சிநேகிதரை வெறுக்காத ஒரு மகளை எழுத எவ்வளவு மனசு வேண்டும்! 'வெக்கை'யில் கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் ஒளிந்து திரிவதும், கிடைத்ததைப் பொங்கித் தின்பதும்தான். இதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்கள் தகப்பனைத் தேடுவார்கள். கதை சிதம்பரத்தினுடையது. பதினைந்து வயதுப் பையன், கையை வெட்டத்தான் போனான், உயிரே போய்விட்டது. அவனும் அய்யாவும் காட்டில் சாப்பிடுகிற ஒவ்வொரு சாப்பாட்டையும் நிதானமாகப் படியுங்கள். அந்த நாவலின் பாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இனி 'தண்ணீர்'. இதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பாதிப் பேர் பாலசந்தர் படத்தை நினைத்துக்கொள்கிறார்கள். 1981இல் வந்த அந்தப் படம் 'தண்ணீர் தண்ணீர்'. கோமல் சுவாமிநாதனின் நாடகம். அதற்கும் இதற்கும் பெயரில் ஒரு தண்ணீர் வித்தியாசம். கோமலுடையது ஊருக்காகக் குரல் எழுப்பும். அசோகமித்திரனுடையது ஒரு தெருவுக்குள் குடத்தோடு நடக்கும். குரல் எழுப்பவே எழுப்பாது.

ஜமுனா, சாயா என்று சகோதரிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாரே, அதையே ஒரு மாலை முழுக்கப் பேசலாம். நதியின் பெயர் கொண்டவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறாள். மற்றவள் பெயர் நிழல். அசோகமித்திரன் இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை. கண்டுபிடித்தால் உங்கள் பாடு, இல்லையென்றாலும் கதை நிற்காது.

ஆனால் நான் இந்த நாவலைத் திரும்பத் திரும்ப எடுப்பது சகோதரிகளுக்காக அல்ல. டீச்சரம்மாவுக்காக.

நாவலில் அவளுக்குக் கிடைத்திருக்கும் இடம் சிறியது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், வருகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், இருமித் தளர்ந்த கணவனுக்கும் மாமியாருக்கும் பணிவிடை செய்கிறாள். சாகத் துணிந்து பிழைத்த ஜமுனாவிடம் ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். ஆறுதல் சொல்வதில்லை. தன் கல்யாணத்தை, தன்னைவிட வெகுவாக மூத்த மனிதனோடு தொடங்கிய வாழ்க்கையைச் சொல்கிறாள். கண்ணீருக்கு அங்கே வேலையே இல்லை. மளிகைக் கணக்கு ஒப்பிக்கிற குரல். கேட்கிறவளுக்குத் தன் துக்கம் சற்றுக் கூச்சமாகிவிடுகிறது. வேறொரு எழுத்தாளராக இருந்தால் அந்த இடத்தில் மழை பெய்யவைத்திருப்பார். அசோகமித்திரன் டீச்சரம்மாவை எழுந்து அடுத்த வேலைக்குப் போகவைக்கிறார்.

அடிபம்பு அடித்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வாஷர் காய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் வெறும் காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் கீழே இருப்பது ஏறும். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு சொம்பை அம்மா மூடி வைத்திருப்பாள். எவ்வளவு தாகம் எடுத்தாலும் அதைத் தொடக் கூடாது. டீச்சரம்மாவின் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொம்பு ஞாபகத்துக்கு வரும். தன்னிடம் மிச்சமிருந்த ஒரே சொம்பை அவள் ஜமுனாவின் மேல் ஊற்றுகிறாள். அவளைச் சினிமாவுக்கென்று அழைத்துப்போகும் பாஸ்கர் ராவின் கார் மறுபடி வந்து நிற்கும்போது ஜமுனா ஏறாமல் இருக்கிறாளே, அந்தத் திடம் எங்கிருந்து வந்தது என்று விமரிசகர்கள் தேட வேண்டியதில்லை.

என் நண்பர் ஒருவர் ஜானகிராமன் பக்தர். அவருக்கு இதெல்லாம் வறட்சி. "மோகமுள் யமுனா முன்னால் இந்த ஜமுனா நிற்பாளா?" என்பார். நிற்க வேண்டியதில்லை என்பேன். கும்பகோணத்து யமுனாவை பாபுவின் கண் வழியாகவே பார்க்கிறோம். அந்தக் கண்ணில் சங்கீதம் உண்டு, காவிரி உண்டு, பல வருஷ ஏக்கம் உண்டு. அவள் அழகாகத்தான் தெரிவாள். பாபுவின் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வரும் பக்கங்களில் நானும் கரைந்துபோயிருக்கிறேன், மறுக்கவில்லை. இந்த ஜமுனாவைப் பார்க்க ஒரு பாபு கிடையாது. அவளை ஆராதிக்க ஆளில்லாமலே அவள் ஒரு நாவலைத் தாங்குகிறாள். எது கடினம் என்று நண்பரைக் கேட்டேன். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

ஜெமினி ஸ்டுடியோவில் 1952 முதல் 1966 வரை வேலை பார்த்தவர் அசோகமித்திரன். சினிமா ஆசை காட்டிக் கூட்டிப்போகிற பாஸ்கர் ராவைப் பெரிய வில்லனாக வளர்த்திருக்க அவரிடம் எவ்வளவோ சரக்கு இருந்திருக்கும். செய்யவில்லை. அந்த உலகத்தை உள்ளே போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் 'கரைந்த நிழல்கள்' படிக்கட்டும். அதிலும் கொட்டகை வெளிச்சம் இருக்காது. அதிகாலையில் எழுந்து அவுட்டோருக்கு வண்டி ஏற்பாடு செய்கிற புரொடக்ஷன் மேனேஜரிடமிருந்துதான் கதை கிளம்பும்.

'தண்ணீர்' கணையாழியில் தொடராக வந்தது. 'கரைந்த நிழல்கள்' தீபத்தில். மாதாமாதம் சில பக்கங்கள் என்ற நெருக்கடிதான் இந்த இறுக்கத்தைக் கொடுத்ததோ என்று தோன்றும். இப்போது அந்த நெருக்கடி யாருக்கும் இல்லை. கம்ப்யூட்டரில் எழுதியது எழுதியபடி அச்சுக்குப் போகிறது. எடிட்டர் என்று ஒருவர் இருந்து நூறு பக்கத்தை எடுத்துப்போட்டிருந்தால் நல்ல நாவலாகியிருக்க வேண்டியவற்றைப் புத்தகக் காட்சிதோறும் சுமந்து வருகிறேன். போன தடவை வாங்கிய ஒன்றில் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமா பதினெட்டாம் அத்தியாயத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பின்னட்டையில் மட்டும் 'காலத்தின் குரல்'. மெய்ப்பு பார்க்கக்கூட ஆள் வைக்காத காலத்துக்கு இத்தனை குரல்கள்!

2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அந்த வாரம்தான் இந்த நாவலை அடுக்குமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதியது. பிளாஸ்டிக் குடங்களின் நிறத்தைத் தவிர மாற்ற வேண்டியது எதுவும் தெரியவில்லை.

ஆகவே சிபாரிசு கேட்பவர்களுக்கு இதுதான் சொல்வேன். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டென்றால் 'தண்ணீர்' எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். டீச்சரம்மா பேசுகிற இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பிறகு புத்தகத்தை யாருக்காவது இரவல் கொடுத்துவிடுங்கள். என் பிரதி அப்படித்தான் மூன்று தடவை போனது. நான்காவதை வாங்கி வைத்திருக்கிறேன்.