வலைப்பூவும் வாசகச் சுற்றமும்

கவிதையின் உருவமும் கதையின் உத்தியும் ஆராயப்படும் அளவுக்கு, அவ்வெழுத்தைச் சூழ்ந்து நிற்கும் வாசகர் ஆராயப்படுவதில்லை. அது பதிப்பகத்தாரும் விற்பனையாளரும் கவலைப்பட வேண்டிய செய்தி என்று திறனாய்வாளர்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். ஆயினும், தாயகம் விட்டுத் தொலைவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே தலையாய வினாவாகும். தமிழ்நாட்டில் ஒருவர் தமிழ் வாசகராக இருப்பதற்குத் தெருவும் பள்ளியும் கடையின் பெயர்ப்பலகையும் துணை நிற்கின்றன. தலைநகரில் வாழும் நாம் அத்துணையை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக இணையத்தின் வலைப்பூக்களும், அவற்றின் பின் வந்த முகநூல், வாட்ஸ்அப் முதலிய சமூக ஊடகங்களும் இப்பணியை ஏற்றுக்கொண்டிருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவை நமக்குத் தந்திருப்பது கூட்டமா, சுற்றமா என்பதே இக்கட்டுரையின் வினா. திருவிழாவுக்குக் கூடுவது கூட்டம். தேர் நிலைக்கு வந்ததும் அது கலைந்துவிடும். நல்லதற்கும் கெட்டதற்கும் வந்து நிற்பது சுற்றம். இவ்விரண்டையும் பிரித்தறிய மூன்று அளவுகோல்களைக் கொள்ளலாம். ஒன்று, வாசகரின் மறுமொழி தானும் ஓர் எழுத்தாக வளர்கிறதா என்பது. இரண்டு, நேற்று எழுதப்பட்டது நாளை தேடுபவருக்குக் கிடைக்கிறதா என்பது. மூன்று, எழுத்தின் வழியே அறிமுகமானவர்கள் நேரிலும் சந்திக்கிறார்களா என்பது.

கடைசிப் பக்கம் காட்டிய வழி

வலைப்பூ என்ற வடிவம் தமிழுக்குப் புதியது என்று பலர் கருதுகின்றனர். கருவி புதியதேயன்றி வடிவம் புதியதன்று. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1965ஆம் ஆண்டில் இதே டில்லி மாநகரில் கி. கஸ்தூரிரங்கன் 'கணையாழி' இதழைத் தொடங்கினார். தலைநகரில் பணி நிமித்தம் குடியேறிய தமிழர்கள் தங்கள் மாலை நேரத்தையும் கைப்பொருளையும் செலவிட்டு வளர்த்த இதழ் அது. பின்னர் சென்னைக்கு இடம் பெயர்ந்தது.

அவ்விதழின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா பல ஆண்டுகள் எழுதிய குறிப்புகளை இன்று நூல் வடிவில் படிப்பவருக்கு ஓர் உண்மை விளங்கும். பார்த்த திரைப்படம், படித்த கவிதை, அறிவியல் செய்தி, அலுவலகப் பயணம், சிறு எரிச்சல், சிறு வியப்பு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக, நண்பரிடம் பேசும் தொனியில் வருகின்றன. கட்டுரைக்குரிய முன்னுரையோ முடிவுரையோ அவற்றில் இல்லை. பின்னாளில் வலைப்பதிவு என்று நாம் அழைத்த வடிவம் இதுதான். டில்லியிலும் பின்னர் பெங்களூரிலும் பணியாற்றிய ஒருவர் இவ்வடிவத்தில் இத்துணை தேர்ச்சி பெற்றது தற்செயலன்று என்பது என் கருத்து. பேச்சுத்துணை குறைந்த ஊரில் வாழ்பவன் எழுத்திலேயே பேசிப் பழகுகிறான்.

சி. சு. செல்லப்பாவை இங்கு நினைவுகூர்தல் தகும். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய அவர், தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்றார். விற்றதைவிட அவர் உரையாடியதே மிகுதி. வாசகர் தாமாக வருவதில்லை, ஒவ்வொருவராகத் தேடிச் சேர்க்கப்பட வேண்டியவர் என்ற பாடத்தை அவரைப்போல் எவரும் கற்பிக்கவில்லை.

தமிழ்மணம் வீசிய காலம்

இணையத்தில் தமிழ் கால்கொண்ட நாட்களில் எழுத்துருவே பெருந்தடையாக இருந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் திரையில் கட்டங்களும் கிறுக்கல்களுமே தெரியும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறி பரவியதும், 'எ-கலப்பை' போன்ற தட்டச்சு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைத்ததும் அத்தடையை நீக்கின. அதற்கு முன்னரே யாகூ குழுமங்களில் 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' முதலிய மடற்குழுக்கள் இயங்கின. 2003ஐ ஒட்டித் தமிழ் வலைப்பூக்கள் ஒவ்வொன்றாகத் தோன்றலாயின. கணிப்பொறியும் இணைய இணைப்பும் முதலில் எளிதாகக் கிட்டியவர்கள் என்பதால், எழுத வந்தோரில் அயல்நாடுகளிலும் வெளிமாநிலங்களிலும் வாழ்ந்த தமிழர் பலர் இருந்தனர்.

தனித்தனியே கிடந்த இப்பூக்களை மாலையாகத் தொடுத்தது 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டியாகும். யார் எங்கிருந்து எழுதினாலும் அப்பதிவின் தலைப்பும் முதல் வரிகளும் ஒரே முகப்பில் வந்து சேர்ந்தன. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக நிறுத்தி, அவ்வாரம் முழுவதும் எழுதச் செய்தனர். 'வலைச்சரம்' என்ற கூட்டு வலைப்பூவிலோ வாரம் ஒருவர் ஆசிரியர் பொறுப்பேற்று, பிறருடைய பதிவுகளை அறிமுகம் செய்தார். இவ்வேற்பாட்டின் நயம் எளிதில் புலப்படாதது. ஒருவர் ஒரு வாரம் ஆசிரியராக இருக்க வேண்டுமென்றால் அதற்கு முன் பிறரை ஆழ்ந்து படித்திருக்க வேண்டும். எழுதத் துடிப்பவர்களைப் படிப்பவர்களாகவும் ஆக்கியது அது.

இலக்கியத் தரத்தால் மட்டும் அளந்தால் அக்காலப் பதிவுகளில் பெரும்பகுதி நிற்காது. 'மொக்கை' என்று அவர்களே நகைத்துக்கொண்ட வெற்றரட்டைகள் மிகுதி. எனினும், அலுவலகத்தில் அறிக்கை எழுதியதைத் தவிர வேறொன்றும் எழுதியிராத பொறியாளரும், சமையற்கட்டுக்கு அப்பால் தம் குரலைக் கேட்டிராத இல்லத்தரசியும் அங்கே தமிழில் எழுதப் பழகினர். பிறந்த ஊரின் ஆற்றங்கரையையும் பாட்டியின் கைப்பக்குவத்தையும் எழுதினர். பின்னூட்டமிட வந்தவர் மறுவாரம் தாமும் ஒரு வலைப்பூ தொடங்கினார். பதிவர் சந்திப்புகள் பல நகரங்களில் நடந்தன. நாம் வகுத்த முதல் அளவுகோலிலும் மூன்றாவதிலும் அக்காலம் தேறிவிடுகிறது.

அதன் வீழ்ச்சிக்கான விதையும் பின்னூட்டத்திலேயே இருந்தது. அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகள் முகப்பில் இடம்பெற்றன. ஆகவே, முகப்பில் நிலைக்கும்பொருட்டு நண்பர்கள் கூடி ஓரிரு சொல் மறுமொழிகளை அடுக்கலாயினர். அதற்குக் 'கும்மி' என்று பெயரும் வைத்தனர். பெயரற்ற 'அனானி'கள் வசைபாட, மறுமொழி மட்டுறுத்தல் கட்டாயமாயிற்று. எண்ணிக்கைக்குப் பரிசு என்றாகிவிட்டால் எழுத்து எண்ணிக்கைக்கே பணிபுரியும். பின்வந்த சமூக ஊடகங்கள் கோடிக்கணக்கான மக்களிடையே இழைக்கவிருந்த பிழையை, நம் சிறிய முற்றத்திலேயே முன்கூட்டிக் கண்டுவிட்டோம், கண்டும் கற்றோமில்லை.

ஒருவரைச் சுற்றி ஓர் அவை

தமிழ் வலைத்தளம் ஒன்றைச் சுற்றி வாசகர் திரண்டதற்கு ஜெயமோகனின் தளத்தைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. அவருடைய கருத்துகளோடு உடன்படுவோர் உண்டு, கடுமையாக முரண்படுவோரும் உண்டு. ஈண்டு நாம் நோக்குவது அவர் வாசகரைச் சேர்த்த முறையையே. 2014 ஜனவரி முதல் நாள் அவர் மகாபாரதத்தைத் தழுவிய 'வெண்முரசு' தொடரைத் தம் தளத்தில் தொடங்கினார். நாளொரு பகுதியாக வந்த அது 26 நூல்களாக விரிந்து 2020 ஜூலையில் நிறைவுற்றது. வாசகர் எழுதிய கடிதங்களைத் தம் மறுமொழியோடு தளத்திலேயே வெளியிட்டார். சிறு ஐயத்துக்கும் சில வேளை நெடிய கட்டுரையே விடையாக வந்தது. இணையம் நீண்ட எழுத்தைத் தாங்காது, மக்கள் நான்கு வரிக்கு மேல் படிக்கமாட்டார்கள் என்ற பொதுக்கருத்தை இம்முயற்சி பொய்ப்பித்தது.

அவ்வாசகர்களிடமிருந்து எழுந்த விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் மூத்த படைப்பாளிகளுக்கு விருது வழங்கி வருகிறது. முதல் விருதைப் பெற்ற ஆ. மாதவன், திருவனந்தபுரத்துச் சாலைத் தெருவின் வாழ்க்கையைத் தமிழில் எழுதியவர். நம்மைப்போல் வெளிமாநிலத் தமிழர். திரையில் தொடங்கிய உறவு மேடைக்கு வந்து, மறக்கப்பட்ட ஒரு மூத்தவரை நடுவில் அமர்த்தியது என்றால் அது கூட்டத்தின் செயலன்று, சுற்றத்தின் செயல்.

குறை ஒன்றும் உண்டு. ஒருவரே கேள்விகளின் நடுவில் அமர்ந்து விடையளிக்கும் அமைப்பு, சுற்றத்தைவிட அவைக்கே நெருக்கமானது. அவையில் தலைவரை நோக்கியே எல்லா முகங்களும் திரும்பியிருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது குறையும். தமிழ்மணத்தில் மையம் இல்லாததால் தரம் தளர்ந்தது. இங்கே மையம் வலுத்ததால் தரம் நின்றது, ஆனால் பொறுப்பு ஒரு தோளில் இறங்கியது. நமக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

காற்றில் எழுதிய எழுத்து

வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தோர் பலரைச் சமூக ஊடகம் ஈர்த்துக்கொண்டது. அதன் வசதியை மறுப்பதற்கில்லை. செய்தி நொடியில் பரவுகிறது. ஒரு நிகழ்ச்சிக்கு ஆளனுப்பி அழைக்க வேண்டிய நிலை மாறிவிட்டது. ஆயினும், நம் இரண்டாம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் மனம் கலங்குகிறது. யாகூ குழுமங்கள் 2020இல் மூடப்பட்டன. பிறருடைய நிலத்தில் கட்டிய வீடு என்பது நாம் அறிந்த உவமைதான். அதன் பொருளை அனுபவத்தில் உணர்ந்தேன்.

தலைநகரின் ஒரு குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் நானும் உறுப்பினன். அதில் முதியவர் ஒருவர், 1950களில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய நாள் தொடங்கி, கரோல் பாகில் நால்வரோடு ஓர் அறையில் தங்கியது, குளிருக்கு முதன்முதலாகக் கம்பளிச் சட்டை வாங்கியது, ஊருக்கு மணியார்டர் அனுப்பியது எனத் தம் நினைவுகளைப் பதினொரு பகுதிகளாக எழுதினார். ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் குறிகளும் கட்டைவிரல் குறிகளும் குவிந்தன. சொல்லாக மறுமொழி தந்தவர் எவருமில்லை, நானும் தரவில்லை. அவர் மறைந்த பின்னர், அவற்றைத் தொகுத்துத் தர இயலுமா என்று அவருடைய மகள் கேட்டார். கைப்பேசி மாற்றியவர்களிடம் இல்லை; இடம் போதாமல் அழித்தவர்களிடம் இல்லை. தேடித் தேடி நான்கு பகுதிகளே கிடைத்தன. ஏழு பகுதிகள் போயின. நூற்றுக்கு மேற்பட்டோர் கண்ட எழுத்து அது; படித்தவர் எத்தனை பேர் என்பதை என் மனச்சான்றிடம் கேட்க அஞ்சுகிறேன்.

சங்கங்கள் செய்யத்தக்கது

இவ்வாய்விலிருந்து பெறப்படும் முடிவு இதுதான். சமூக ஊடகம் முரசறைவோன், வலைப்பூ வீடு. முரசறைவோனை வீடென்று எண்ணிக் குடிபுகுவதே இன்று நாம் செய்துவரும் பிழை. தமிழ்ச் சங்கம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வலைத்தளத்தைச் சொந்தப் பெயரில் வைத்துக்கொள்ளட்டும். எழுத்து அங்கே இருக்கட்டும். குழுக்களில் அதற்கான அழைப்பு மட்டும் போகட்டும். படி ஒன்றைத் தாளிலும் எடுத்து நூலகத்தில் வைக்கட்டும். வலைச்சரத்தின் முறையைப் பின்பற்றி, மாதம் ஒரு குடும்பம் ஆசிரியர் பொறுப்பை ஏற்கட்டும்.

நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர், படிக்கமாட்டார். இதைச் சொல்லி வருந்தாத வீடு இல்லை. தாத்தா சொல்லப் பேரன் தட்டச்சு செய்யும் ஒரு பக்கம், பத்து வகுப்புகளுக்கு நிகரான பயிற்சியாகும். எழுத்தை ஒருவர் குரலில் பதிந்து அதனுடன் இணைத்தால், படிக்கத் தெரியாத பிள்ளையும் கேட்டுக்கொண்டே எழுத்துக்களைத் தொடர இயலும்.

இவையனைத்திற்கும் மேலாக ஒரு கடமை உண்டு. எழுதியவருக்கு இரண்டு வரியேனும் சொல்லால் மறுமொழி தருதல் வேண்டும். 'கணையாழி'யையும் 'எழுத்து'வையும் நிற்கச் செய்தவர்கள், தபாலட்டையில் நான்கு வரி எழுதி அனுப்பிய வாசகர்கள் என்பதை மறத்தலாகாது. கிடைத்த அந்த நான்கு பகுதிகளுக்கும் நான் இப்போது மறுமொழி எழுதி அவர் மகளிடம் கொடுத்திருக்கிறேன். காலம் தாழ்ந்த மறுமொழிதான். இம்மலரைப் படிப்போர் வீட்டிலும் எழுதிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு இன்னும் காலம் தாழ்ந்துவிடவில்லை.