புதுக்கோட்டை மியூசியத்துக்குக் கடைமடையிலிருந்து ஒரு பஸ்

பேராவூரணியிலிருந்து வரலாறு பார்க்க ஒரு நாள் ஒதுக்கினால் பெரும்பாலும் தஞ்சாவூர் அரண்மனைக்குத்தான் போவார்கள். சோழர் கால வெண்கலச் சிலைகள் பார்க்க அது சரி. சின்ன ஊர்களின் கதை வேண்டுமென்றால் எதிர்த்திசையில் பஸ் ஏறச் சொல்வேன்: அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை, அங்கிருந்து திருக்கோகர்ணம். அரசு அருங்காட்சியகம் அங்கேதான். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதை மட்டும் முதல்லயே குறிச்சுக்குங்க.

இது 1910-இல் தொண்டைமான்களின் சமஸ்தானம் தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு சின்ன சமஸ்தானம் கல், காசு, ஈமத்தாழி, பறவை, ஆயுதம் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர நினைத்ததே பெரிய விஷயம். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகும் அந்தச் சேகரிப்பு கலைந்துபோகவில்லை.

என் குறை அடுக்கிய விதத்தில். நிலவியல், விலங்கியல், மானிடவியல், சிற்பம், நாணயம் என்று எல்லாம் துறைவாரியாக. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டேபிள்கள் இருக்கின்றன, ஜாயின் இல்லை. தாழி ஒரு துறை, அது புதைந்து கிடந்த மண் இன்னொரு துறை. இந்த மண்ணில் எந்தத் தண்ணியை நம்பி ஆட்கள் குடியேறினார்கள் என்ற கேள்வியைப் பார்க்கப் போகிறவர்தான் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

பேராவூரணிக்காரருக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. தஞ்சாவூர் என்றதும் கரிகாலன், கல்லணை, நெற்களஞ்சியம் என்று ஒரு பல்லவி ஓடும். எங்கள் பக்கத்துக்கு அது பொருந்தாது. பழைய டெல்டாவின் ஆறுகள் எட்டாத மேட்டுப் பகுதி இது. மழையையும் ஏரி குளங்களையும் நம்பிக் கிடந்தது. காவிரித் தண்ணீர் வந்ததே மேட்டூர் அணை திட்டத்தோடுதான். அணை 1934-இல் திறந்தது. தண்ணீரைக் கொண்டுவந்தது கல்லணைக் கால்வாய். தஞ்சாவூரில் அதை இன்னும் புது ஆறு என்கிறார்கள். பேர்லயே வயசு இருக்கு. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் ஓடிவரும் அந்தக் கால்வாயின் கடைமடை நாங்கள். நெல்லோடு தென்னையும் இங்கே பெருகியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அந்தத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. மறு வருஷம் ஊர்க்காரர்களே சேர்ந்து பேராவூரணி பெரியகுளம் ஏரியைத் தூர்வாரினார்கள்.

'அதை ஏன்யா புதுக்கோட்டை மியூசியத்துல தேடுற?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அறந்தாங்கி தஞ்சாவூரிலிருந்துதான் பிரிந்து போனது. புது ஆறும் பேராவூரணியைத் தாண்டி அந்த மாவட்டத்துக்குள் போய்த்தான் முடிகிறது. சமஸ்தான எல்லையில் நின்றுவிட்ட ஒரு சேகரிப்பு இன்றைக்கு மாவட்டத் தலைநகரின் மியூசியம். அப்படியானால் கடைமடையும் அதன் பொறுப்புதான். தண்ணீர் முறை குறித்த ஒரு பழைய நோட்டு, கஜாவில் விழுந்த தென்னையின் வேர்க்கட்டை, இந்த இரண்டுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி போதும். மன்னர்களின் வாள்களுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மறுநாள் மனோராவுக்குப் போங்கள். மல்லிப்பட்டினம் பக்கம், கடலோரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய அடுக்குக் கோபுரம். கல்வெட்டு சொல்லும் ஆண்டு 1814. அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 1799-இல், ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, கோட்டையோடும் உதவித்தொகையோடும் நின்றவர் அவர். யாரோ யாரையோ ஐரோப்பாவில் ஜெயித்ததற்கு எங்கள் கடற்கரையில் ஒரு கோபுரமும் கல்வெட்டும் இருக்கின்றன. காவிரி முதல்முறையாக இந்த வயல்களுக்கு வந்ததைச் சொல்ல அப்படி ஒரு கோபுரத்தை யாரும் எழுப்பவில்லை. திருக்கோகர்ணத்தைப் பார்த்த கண்ணோடு மனோராவைப் பார்த்தால் இந்த இடைவெளி இன்னும் உறுத்தும். அதனால்தான் இந்த வரிசையில் போகச் சொல்கிறேன்.

எப்போது போவது? வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறக்கும், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். அங்கிருந்து கல்லணை, பிறகு புது ஆறு. கடைமடைக்கு எப்ப வந்து சேரும்னு பேராவூரணி டீக்கடையில விசாரிச்சுட்டு நாளைக் குறிங்க.