ஜார்ஜ் இன்னில் ஒரு பைன்ட்

லண்டன் சதக் பகுதியின் 'ஜார்ஜ் இன்', 1676 தீவிபத்துக்குப் பின் மறுஆண்டே எழுப்பிய கட்டடம். முற்றத்தைப் பார்த்த மரத் தாழ்வாரங்களோடு அந்நகரில் மிஞ்சிய குதிரைவண்டிக் காலத்து விடுதி இது ஒன்றுதான். பானத்துக்குக் கவுன்டருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, நாமே எடுத்துவர வேண்டும். வரிசை கிடையாது, ஆனாலும் யார் முதலில் வந்தார் என்பதை ஊற்றித் தருபவர் கவனித்து வைத்திருப்பார். அந்த நியாயம் எனக்கு மிகப் பிடிக்கும். நிலவறைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பை நிதானமாக இழுக்க இழுக்க, பழுப்பு நிற ஏல் பீர் நுரைகட்டி ஏறும். ஒரு பைன்ட், 568 மில்லி. குளிர்ச்சி 12 டிகிரி அளவில்தான். அதனால்தான் மால்ட்டின் மணம் நாக்கில் நிற்கிறது. தயவுசெய்து ஐஸ் கேட்காதீர்கள்.