‘ஆல் அமெரிக்கன்’ என்ற பெயருக்கு அடியில்

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களைச் சீரமைத்துப் பறக்கவிடும் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்க்கிறவன் நான். அவற்றில் சொல்லப்படும் கதையைவிடப் பூசப்படும் பெயின்ட்தான் என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் ஒரு பி-24 லிபரேட்டர் இருக்கிறது. 1989-இல் அது மீண்டும் பறந்தபோது மூக்கில் எழுதியிருந்த பெயர் ‘ஆல் அமெரிக்கன்’. டெக்சாஸில் 1944-இல் பிறந்தது, சரி. ஆனால் போரில் அதை ஓட்டியது பிரிட்டிஷ் விமானப்படை. போர் முடிந்ததும் கான்பூரில் கைவிட்டுப் போனார்கள். வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அங்கிருந்த விமானங்களின் கருவிகளை நொறுக்கி, என்ஜின்களில் மணலைக் கொட்டிவிட்டுத்தான் போனார்கள்.

1948-இல் பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பைமேட்டிலிருந்து சுமார் 40 லிபரேட்டர்களை எழுப்பினார்கள். பறக்கிற அளவுக்கு மட்டும் அங்கேயே ஒட்டுப்போடுவது. பிறகு சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்கு ஓட்டி வருவது. அங்கே முழுசாகப் பிரித்து மாட்டுவது. ஒரு விமானத்துக்கு 4 என்ஜின், என்ஜினுக்கு 14 சிலிண்டர், சிலிண்டருக்கு 2 பிளக். ஆக 112 பிளக்! இங்கே பாப்பிரெட்டிப்பட்டியில் கிணற்றடி ஆயில் என்ஜினின் ஒற்றைச் சிலிண்டரைப் பிரித்தாலே மெக்கானிக்குக்கு ஒரு பகல் போய்விடும். அந்த லிபரேட்டர்கள் 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன.

போரில் ஏறக்குறைய ஒரு வருஷம், இந்தியாவில் இருபது வருஷம். பெயின்ட் அடிக்கிறவருக்கு அந்த ஒரு வருஷம்கூடத் தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் பறந்த வேறொரு விமானத்தின் பெயரை எடுத்து ஒட்டினார்கள். பிற்பாடு ‘விட்ச்கிராஃப்ட்’ ஆனது. அதுவும் 130 முறை போருக்குப் போன இன்னொரு விமானத்தின் பெயர். இறந்த வீரர்களுக்கான அஞ்சலி என்பார்கள். அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. அஞ்சலிக்காக ஒரு சரித்திரத்தைச் சுரண்டி எடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. மணலை வாரி வெளியே கொட்டியவர்களும் அந்த விமானத்தின் ஆட்கள்தானே?

சாகசத்தைக் கொண்டாடி, கிரீஸ் கையை மறக்கும் இந்தப் பார்வையை வெறும் ரசனைக் குறை என்று விட்டுவிட முடியாது. 2019 அக்டோபர் 2 அன்று அதே அறக்கட்டளையின் பி-17 பயணிகளோடு விழுந்து 7 பேர் இறந்தார்கள். விமானியின் பிழையோடு மோசமான பராமரிப்பும் காரணம் என்றது விசாரணை. மேக்னெட்டோவிலும் பிளக்கிலும் கோளாறு. பளபளவென்று பெயின்ட் அடித்த விமானம்தான் அதுவும். அதன் மூக்கிலும் இன்னொரு விமானத்தின் பெயர்தான், ‘நைன்-ஓ-நைன்’.

டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நம் லிபரேட்டர் ஒன்று நிற்கிறது. பறக்காது. தன் சொந்த இந்திய வட்டச் சின்னத்தோடு நிற்கிறது. இரண்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் பாலத்துக்குத்தான் ரயில் ஏறுவேன்.