பொதுச்சுவருக்கு இப்பால்

ஹோம் தியேட்டர் ரிசீவரின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதெல்லாம் உரத்த ஒலியைப் பற்றியது. இத்தனை வாட், இத்தனை சேனல். லண்டனிலோ பெரும்பாலான வீடுகள் அடுத்த வீட்டோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் விக்டோரியா காலத்து டெரஸ் வீடுகள். ஹாரோ, வெம்ப்ளிப் பக்கம் 1930களில் கட்டிய இரட்டை வீடுகள். இரவு 11 மணிமுதல் காலை 7 மணிவரை சத்தம் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டமும் கவுன்சில்களும் வைத்திருக்கும் கணக்கு. பிள்ளைகள் உறங்கி, பாத்திரம் கழுவி முடித்து, நம்மவர்கள் படம் பார்க்க உட்காருவதே ஒன்பதரைக்குமேல்தான். ஆகவே இந்த ஊரில் ஒரு ரிசீவரின் தரம் தாழ்ந்த ஒலியில்தான் வெளிப்படுகிறது. வால்யூமைக் குறைத்த பிறகும் வசனம் தெளிவாக நிற்கிறதா, தாளத்தில் கனம் இருக்கிறதா, பின்னால் பெய்யும் மழை பின்னாலேயே பெய்கிறதா? இதில் தேறும் கருவி உரக்க வைத்தாலும் பெரும்பாலும் தேறிவிடும். உரக்க வைத்தால் அசத்தும் கருவியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இல்ஃபோர்டில் எனக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், புதிதாக ஒன்று வாங்கப் புறப்பட்டபோது என்னிடம் சொன்ன தேவை இது: "சத்தம் கூட வேண்டாம் தம்பி, கதைக்கிறது விளங்கினால் காணும்." எந்த விளம்பரத்திலும் இல்லாத இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ரிசீவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

சரவுண்ட் ஒலியின் பூர்வீகத்தில் லண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாம்ப்ஸ்டெட்டில் 1903இல் பிறந்த ஆலன் புளூம்லைன், பின்னாளில் மனைவியானவரோடு படம் பார்க்கப் போனபோது நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நடக்க, குரல் வேறெங்கிருந்தோ வருவதைக் கவனித்து, இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்றாராம். அந்த வழிக்கான காப்புரிமை விண்ணப்பம் 1931 டிசம்பர் 14 அன்று பதிவானது. இரண்டு காது கேட்கும் ஒலியை இரண்டு தடங்களில் பிடிக்கும் முறைகள் அதில் விரிவாக இருக்கின்றன. சினிமாத் திரைக்கு ஏற்ப ஒலியை நகர்த்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அவர் வேலை பார்த்த இ.எம்.ஐ. நிறுவனத்தின் அபே ரோடு ஸ்டூடியோவில் 1934இல் தாமஸ் பீச்சம் மொஸார்ட்டின் ஜூபிடர் சிம்பொனியை நடத்தியபோது, அதை ஸ்டீரியோவில் பதிந்தார். 1935இல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் போவதையும் வருவதையும் ஒலியோடு படமெடுத்தார். 1942இல் ரேடார் சோதனை விமான விபத்தில் இறந்தபோது வயது 38. ஸ்டீரியோ பரவலாக விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

அடுத்த கதை இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கர் ரே டால்பி, 1965இல் தன் ஆய்வகத்தை லண்டனில் தொடங்கினார். அவருடைய முதல் கருவி ஒலியைப் பெருக்கும் கருவியே இல்லை. ஒலிநாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் குறைக்கும் கருவி. லண்டனின் டெக்கா நிறுவனம் அதை முதலில் வாங்கிப் பயன்படுத்தியது. அந்த இரைச்சல் அடங்கியதால்தான் படச்சுருளின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ஒலித்தடத்தில் இரண்டு தடங்களைத் திணிக்கவும், அந்த இரண்டுக்குள் பிறகு நான்கு சேனல்களைப் பொதிக்கவும் முடிந்தது. கென் ரஸ்ஸல் இயக்கிய 'லிஸ்டோமேனியா' (1975) அந்த டால்பி ஸ்டீரியோ வரிசையின் தொடக்கப் படங்களில் ஒன்று. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' உலகத்துக்கே அதை அறிமுகம் செய்தது. முதலில் நிசப்தம், பிறகுதான் சரவுண்ட். தமிழுக்கு டால்பி சரவுண்ட் வந்து சேர 'குருதிப்புனல்' (1995) வரை ஆனது. பாட்டே இல்லாத அந்தப் படத்தில் பி.சி. ஸ்ரீராமும் கமல்ஹாசனும் ஒலியை நம்பியே பதற்றத்தைக் கட்டியிருந்தார்கள். 'சிவாஜி' படத்தின் 3டி வடிவம் 2012இல், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸில் வந்தது. அட்மாஸ் உலகத் திரைகளுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

இனி வாட் கணக்கு. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் ஒலிக்கும் என்று வைப்போம். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் காதுக்கு வருவது ஏறத்தாழ 79. இரவு நேரத்தில் வசனம் 65 டெசிபலில் இருந்தால் தாராளம். அதற்குத் தேவை ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதற்குமேல் 20 டெசிபல் எகிறும் வெடிச்சத்தத்துக்கும் நான்கு வாட் போதும். பெட்டியில் போட்ட 100 வாட், 150 வாட் எல்லாம் வேறொரு வீட்டுக்கு, வேறொரு ஊருக்கு. நமக்கு வேண்டியது அந்த முதல் வாட் சுத்தமாக இருப்பது. கடையில் இதைப் பரிசோதிப்பது சுலபம்: எதையும் ஓடவிடாமல், வழக்கமாகக் கேட்கும் அளவில் வால்யூமை வைத்து, ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். அங்கே கேட்கும் சீறல்தான் இரவு முழுவதும் வசனத்துக்கு அடியில் ஓடப்போகிறது.

வால்யூமைக் குறைத்தால் எல்லாம் ஒரே அளவில் குறைவதாகத்தான் நினைக்கிறோம். காது அப்படிக் கேட்பதில்லை. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள்: ஒலி தாழத் தாழ, கீழ்ச் சுரங்களுக்குக் காது மற்றவற்றைவிட வேகமாக மந்தமாகிறது. படத்தை ஒலிக்கலவை செய்பவர் 85 டெசிபல் அளவுகோலில் உட்கார்ந்து கலக்கிறார். நாம் அதைவிட இருபது, இருபத்தைந்து டெசிபல் கீழே கேட்கிறோம். தவிலின் கனம் போய்விடுகிறது, மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டக்டக்கென்று கேட்டுத் தொப்பி காணாமல் போகிறது, பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் வேலை செய்கின்றனவா என்ற சந்தேகமே வந்துவிடுகிறது. இந்த இழப்பை ஈடுகட்டும் திறமைதான் ரிசீவர்களுக்குள்ளே உண்மையான வித்தியாசம் என்பேன். டெனான், மராண்ட்ஸ் கருவிகளில் ஆடிசியின் டைனமிக் இ.க்யூ., யமஹாவில் ஒய்பாவ் வால்யூம் என்று பெயர்கள் மாறும், வேலை ஒன்றே. வால்யூம் இறங்கும் அளவுக்கு ஏற்ப பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. ஆடிசியில் சரவுண்டையும் கூடவே தூக்கும். எனக்கு அது சற்று அதிகம், சரவுண்டை இரண்டு டெசிபல் குறைத்து வைப்பேன்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் திரைப்பாடல்கள் படங்களைவிட மிக உரக்கப் பதியப்பட்டவை. படத்துக்கான அதே ஈடு பாட்டுக்கும் கொடுத்தால் பேஸ் வழிந்து, கஞ்சிரா கூட டிரம் போல ஆகிவிடும். ஆடிசியில் 'ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்' என்று ஓர் அமைப்பு உண்டு. படத்துக்கு 0, பாட்டுக்கு 10 அல்லது 15. பலர் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை. பெயரில் டைனமிக் இ.க்யூ.வைப் போலவே ஒலிக்கும் 'டைனமிக் வால்யூம்' வேறு சரக்கு. அது மெல்லியதைத் தூக்கி உரத்ததை அமுக்கிவிடும். குழந்தை தூங்கும் வீட்டில் அதற்குப் பயன் உண்டு, ரசிப்பதற்கு நான் அதைத் தொடமாட்டேன்.

வசனத்துக்கு வருவோம். அண்ணை கேட்டது இதைத்தான். படத்தில் பேச்சு அநேகமாக முழுவதும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. தமிழ்ப் பேச்சுக்கு அது கடும் சோதனை. ல, ள, ழ மூன்றும் நாக்கு வளையும் அளவில் பிரிகின்றன. அந்த வளைவு ஒலியில் தெரிவது ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். சென்டர் ஸ்பீக்கர்கள் பலவற்றில் வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறுவதும் அதற்குக் கொஞ்சம் மேலேதான். இரண்டு வூஃபரைப் படுக்கையாக வைத்து நடுவில் ட்வீட்டர் பொருத்திய வகையில், சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கு அந்தப் பகுதியிலேயே பள்ளம் விழும். சொல் புரியும், ஏனென்றால் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். இரண்டரை மணி நேரம் நிரப்பிக்கொண்டே இருந்தால் காது களைத்துவிடுகிறது. நாம் படம் நீளம் என்கிறோம். ஆடிசி, மைக் வைத்து அறையை அளந்து ஒலியைச் சரிசெய்யும்போது, 2,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு சிறு பள்ளத்தைத் தானாகப் போடும். ஆங்கிலப் படத்தில் அது உறுத்தாமல் போகலாம். தமிழ் கேட்கிற வீட்டில் மொபைல் செயலி வழியாக அதை அணைத்துவிடுவது என் உறுதியான பரிந்துரை. அதை அணைத்த பிறகு ழகரம் தன் இடத்துக்குத் திரும்பி வருவது பெரிய சந்தோஷம்.

இந்த வகையில் பழைய படங்கள் நல்ல உரைகல். சிவாஜி கணேசனின் நீண்ட வசனக் காட்சி எதையாவது போட்டுப் பாருங்கள். மோனோ ஒலி, நல்ல ரிசீவர் அதை அப்படியே நடு ஸ்பீக்கரில் நிறுத்தும், குரல் திரையிலிருந்து வரும். எல்லா ஸ்பீக்கரிலும் ஒன்றையே ஒலிக்கவிடும் மோடில் அதே குரல் அறை முழுக்கக் கரைந்து முகம் இழந்துவிடும். இளையராஜா 'ப்ரியா'விலிருந்து (1978) ஸ்டீரியோவில் அமைத்துத் தந்ததை ஸ்டீரியோவிலேயே கேட்பது என் வழக்கம். அவர் இடது வலதாகப் பிரித்து வைத்த வயலின்களையும் கிதாரையும் ஒரு சிப் தன் கணிப்பில் பின்சுவருக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பொதுச்சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் பேஸ்தான். லண்டன் முன்னறை அகலம் மூன்றரை மீட்டர் என்றால் 49 ஹெர்ட்ஸில் அறையே ஒத்து முழங்கும். நீளம் நான்கு மீட்டர் என்றால் 43இல். மரப்பலகைத் தரை வேறு, சப்வூஃபரோடு சேர்ந்து தானும் அதிரும். இந்த முழக்கத்தை அடக்குவதில்தான் ரிசீவரோடு வரும் மைக் அளவீடு தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஸ்வீடனின் டிராக், கனடாவின் ஆந்தம் கருவிகளில் வரும் ஏ.ஆர்.சி., ஆடிசி எக்ஸ்.டி.32 மூன்றும் இதில் தேர்ந்தவை. சப்வூஃபர்கள் இரண்டைத் தனித்தனியே அளந்து சரிசெய்யும் ரிசீவரை நான் இரண்டு சேனல் கூடுதலாக உள்ள ரிசீவரைவிட மேலாக வைப்பேன்: அறையின் வெவ்வேறு இடங்களில் இரண்டு சிறிய சப்வூஃபர்கள், ஒரு பெரியதைவிடச் சமமாகவும் அடக்கமாகவும் ஒலிக்கும். டெனான், மராண்ட்ஸ் மாடல்கள் சிலவற்றில் ஆடிசியின் 'எல்.எஃப்.சி.' என்ற வசதி இருக்கிறது. சுவர் தாண்டிப் போகும் அடிமட்ட ஒலிகளைக் குறைத்து, அவை இருப்பது போன்ற உணர்வை மட்டும் காதுக்கு விட்டுவைக்கும். பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துச் செய்த பொறியியல் இது. இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

அட்மாஸுக்கு மேல்கூரை ஸ்பீக்கர் வேண்டும். வாடகை வீட்டில் கூரையைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் பட்டுத் திரும்பும் வகையை வைக்கலாம், கூரை சமதளமாக இருந்தால். மாடிக்குமேல் சரிவுக்கூரையோடு எடுத்த லாஃப்ட் அறையில் அது சிதறிப்போகும். சோபா பின்சுவரோடு ஒட்டிக்கிடக்கும் முன்னறையில் 7.1க்கான பின் ஸ்பீக்கர்களுக்கும் இடமில்லை. சரியாக வைத்து அளந்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போதும், இடமிருந்தால் மேலே இரண்டு. ஒன்பதாகவும் பதினொன்றாகவும் பெருக்குவதற்கு முன் அந்தப் பணத்தைச் சென்டர் ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம்.

ரிசீவரா, தனி ப்ராசசரும் பவர் ஆம்ப்ளிஃபயருமா? ப்ராசசர்தான் சீக்கிரம் முதுமை அடைவது: புது எச்.டி.எம்.ஐ., புது ஒலிவடிவம் என்று சில வருடங்களில் பின்தங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர் இருபது வருடம் நிற்கும். இங்கிலாந்து இந்தத் துறையில் நிதானமான கைகளைக் கொண்டது. ஆர்க்காம் 1976இல் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. 1977இல் தொடங்கிய மெரிடியனின் இருப்பிடம் ஹண்டிங்டன். ப்ளூரேயில் வரும் டால்பி ட்ரூஹெச்டிக்கு அடித்தளமான இழப்பில்லாச் சுருக்கமுறை மெரிடியனில் உருவானது. நம் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது நடுவழி: எல்லாச் சேனலுக்கும் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) உள்ள ரிசீவர். இன்றைக்கு அதன் சொந்த ஆம்ப்ளிஃபயரிலேயே கேளுங்கள். நாளைக்கு முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கு மட்டும் நல்ல ஆம்ப் ஒன்றைச் சேர்க்கலாம். இந்த ஊரின் பழைய சாமான் சந்தையில் எச்.டி.எம்.ஐ. இல்லாத காரணத்தால் மலிந்து கிடக்கும் ஒரு காலத்து உயர்ரக ரிசீவர்களில், பின்பக்கம் பலசேனல் அனலாக் உள்ளீடு இருந்தால் அதையே ஆம்ப்ளிஃபயராக வைத்துக்கொள்ளலாம். டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவருக்குக் கொண்டுவரும் இ-ஆர்க் இருந்தால் நல்லது. ஸ்ட்ரீமிங் அட்மாஸுக்குச் சாதாரண ஆர்க்கே போதும், டிஸ்க் ப்ளேயரை நேராக ரிசீவரில் செருகிவிடுங்கள்.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஒருகாலத்தில் ஆடியோக் கடைகளால் நிறைந்த தெரு. இன்று அங்கே மிச்சம் அதிகமில்லை. 1978இல் லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில் தொடங்கிய ரிச்சர் சவுண்ட்ஸ் போன்ற கடைகளில் உட்கார்ந்து கேட்கும் அறைகள் இன்னும் உண்டு. போகும்போது உங்களுக்கு மனப்பாடமான தமிழ்ப் படம் ஒன்றையும், வீட்டு அறையின் நீள அகலத்தையும், புகைபோக்கிச் சுவருக்குப் பக்கத்து மாடத்தின் உயரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். ரிசீவர் பெரும்பாலும் அந்த மாடத்தில்தான் உட்காரும், தலைக்குமேல் ஒரு சாணாவது காற்றோட்டம் வேண்டும். விற்பவர் வால்யூமை ஏற்றுவார். அவரிடம் சொல்லி, நீங்கள் வீட்டில் பத்து மணிக்குக் கேட்கும் அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். முடிவை அந்த அளவில் கேட்டு எடுங்கள்.